100 ரூபாய் ஸ்லீவா, 600 ரூபாய் ஸ்லீவா?

கேள்வி: மதுரையில் மார்க்கெட்டிங் வேலை, பகல் முழுக்க பைக்கில்தான். சன்ஸ்கிரீன் பூசினால் வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிகிறது. சிக்னலில் விற்கும் 100 ரூபாய் ஆர்ம் ஸ்லீவ் போதுமா, ஆன்லைனில் ‘யூபிஎஃப் 50+’ என்று வரும் 600 ரூபாய் ஸ்லீவ் வாங்கணுமா? வெயிலுக்கு மாத்திரைகூட இருக்கிறதாமே?

பதில்: மாத்திரையை முதலில் ஓரங்கட்டிவிடலாம். வெயிலிலிருந்து தோலைக் காக்கும் என்று மாத்திரை விற்ற சில நிறுவனங்களுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தக் காசுக்கு நல்ல முழுக்கைச் சட்டையே எடுக்கலாம்.

ஸ்லீவுக்கு வருவோம். யூபிஎஃப் 50 என்றால், மேலே விழும் புற ஊதாக் கதிரில் 50-இல் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் துணியைத் தாண்டும். மெல்லிய வெள்ளைக் காட்டன் டி-ஷர்ட் 5, 7 என்றுதான் தேறும், வியர்வையில் நனைந்தால் அதுவும் குறையும். சிக்னல் ஸ்லீவ் பெரும்பாலும் பாலியெஸ்டரோ நைலானோதான், நூலில் பெரிய குறை சொல்ல முடியாது, சிக்கல் எல்லாம் அந்த ‘ஃப்ரீ சைஸ்’ என்பதில்தான்: கை கொஞ்சம் பருமனாக இருந்தால் துணி இழுபட்டு, பின்னல் கண் திறந்துகொள்ளும், வெயில் அதன் வழியே நேராக இறங்கும். போட்டுக்கொண்டு முழங்கையை மடக்கி வெளிச்சத்தில் பாருங்கள். தோல் நிறம் தெரிகிறதா? வேண்டாம். தெரியவில்லை என்றால், அதுவும் அடர் நிறமாக இருந்தால், 100 ரூபாய் ஸ்லீவே போதும்.

‘கூலிங்’, ‘ஐஸ் சில்க்’ என்பதெல்லாம் தொட்டால் சில்லென்று இருப்பதைச் சொல்வது, புற ஊதாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 600 கொடுப்பதாக இருந்தால், எந்தத் தரமுறைப்படி சோதித்தார்கள் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள், உதாரணமாக ஆஸ்திரேலியத் தரமான ஏஎஸ் 4399, அல்லது அதன் முந்தைய வடிவமான ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரம் ஏஎஸ்/என்இசட்எஸ் 4399. வெறும் ‘50+’ அச்சுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். கட்டைவிரல் ஓட்டை உள்ளதாக எடுங்கள், ஹேண்டில்பாரில் நாள் முழுக்க வெயில் வாங்குவது புறங்கைதான்.

வீட்டில் பழைய டெனிம் சட்டை கிடக்கிறதா? அது இந்த ரெண்டு ஸ்லீவையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், என்ன, மே மாதத்தில் புழுங்கித் தள்ளும். ஹெல்மெட்டில் பாலிகார்பனேட் வைசர் இருந்தால் இறக்கியே ஓட்டுங்கள், நிறமே இல்லாத வைசரும் புற ஊதாவைப் பெருமளவு தடுக்கும். அப்புறம் கழுத்து, காது, மூக்கு. அங்கே மட்டும் சன்ஸ்கிரீன் வேண்டும்தான், ஜிங்க் ஆக்சைடு உள்ள ஸ்டிக்காக வாங்குங்கள், கண்ணில் வழிவது குறையும், நெற்றியில் மட்டும் பூசாதீர்கள், அதை ஹெல்மெட் பார்த்துக்கொள்ளும்.