நகைச்சுவைப் புத்தகங்களோடு ஊர் திரும்பிய மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு அன்றே முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. பத்து நிமிடத்தில் பேசி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

செமஸ்டர் விடுமுறைக்குத் திண்டுக்கல் வந்த மகளின் பெட்டியில், மின்னணுவியல் பாடப் புத்தகங்களுக்கு நடுவே தேவனின் ‘துப்பறியும் சாம்பு’, பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ நாடகம், ஸ்டீவ் மார்ட்டின் என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞரின் தன்வரலாறு, கூடவே பென்சில் குறிப்புகள் நிறைந்த ஒரு நோட்டு எல்லாம் இருந்ததாகச் சொன்னீர்கள். படிப்பு முடிந்ததும் நகைச்சுவை எழுதுவதுதான் தொழில் என்று அவள் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை. “சிரிக்க வைப்பது பிறவியிலேயே வருவது. அதைப் போய் யாராவது புத்தகத்தில் படிப்பார்களா?” என்று கேட்டீர்கள்.

படிப்பார்கள் அம்மா. படிக்கத்தான் வேண்டும். நகைச்சுவை நடிகராக வேண்டும் என்று ஆலோசனைக்கு என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு வேண்டியது புகழ். என்ன படித்தாய், என்ன எழுதினாய் என்று கேட்டால் கைபேசியில் பார்த்த காட்சிகளைச் சொல்வார்கள். உங்கள் மகள் அந்த வகை இல்லை என்பதற்கு அந்த நோட்டே எனக்குப் போதுமான சாட்சி. சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று பென்சிலும் கையுமாகத் தேடுகிற பெண் அவள்.

அந்தத் தேடல் நம் மொழிக்குப் புதிதுமில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லும்போது நகை என்னும் சிரிப்பைத்தான் முதலில் வைக்கிறது. அதோடு விடாமல், சிரிப்பு எவற்றால் வருகிறது என்றும் வகுத்துத் தருகிறது: “எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப்பட்ட நகைநான் கென்ப”. இதில் பேதைமைக்கும் மடனுக்கும் என்ன வேறுபாடு என்று முதலில் படிக்கும்போது எனக்குப் புரியவில்லை. பேராசிரியர் என்றே பெயர்கொண்ட பழைய உரையாசிரியர் தெளிவுபடுத்துகிறார். பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது பிறர் சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமல் இருப்பது.

இப்போது அவள் பெட்டியில் இருந்த ‘சபாபதி’யை எடுத்துப் பாருங்கள். எசமானுக்கும் சபாபதி என்று பெயர், வேலைக்காரனுக்கும் அதே பெயர். வேலைக்காரன் சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு செய்துவைக்கிறான்; சிரிப்பு அங்கே வெடிக்கிறது. அது மடன். சாம்பு அதற்கு நேர் எதிர். ஒன்றும் தெரியாமல் எங்கேயோ தடுமாறிப் போய் விழ, விழுந்த இடத்தில் துப்புக் கிடைத்து, ஊரே அவரை மேதை என்கிறது. அது பேதைமை. 1900இல் ஆன்ரி பெர்க்சன் என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சிரிப்பைப் பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். உயிருள்ள மனிதன் வளைந்து கொடுக்காமல் இயந்திரம்போல நடந்துகொள்ளும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது என்பது அதன் மையக் கருத்து. அதைப் படித்தபோது நம் மடனைத்தான் அவர் வேறு வழியாக வந்து தொட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. உங்கள் மகள் பெர்க்சனையும் மெய்ப்பாட்டியலையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் தொலைவில்லை. விடுமுறையில் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களும் உடன் உட்காருங்கள்.

அடுத்தது அந்த அமெரிக்கரின் புத்தகம். அதைக் கண்டதும் பிள்ளை கெட்டுப்போகிறாளோ என்று பயந்தீர்கள். எனக்கோ நிம்மதிதான் வந்தது. ஸ்டீவ் மார்ட்டின் 18 ஆண்டுகள் மேடையில் தனியாக நின்று நகைச்சுவை செய்தவர். அதில் 10 ஆண்டுகள் கற்றுக்கொள்வதிலும், 4 ஆண்டுகள் செம்மைப்படுத்துவதிலும் போயின. பெரும் வெற்றி என்பது கடைசி 4 ஆண்டுகள் மட்டுமே என்று தொடக்கத்திலேயே கணக்குச் சொல்லிவிடுகிறார். சிறுவனாக டிஸ்னிலேண்டில் கையேடு விற்று, பிறகு அங்கேயே மாயவித்தைப் பொருள் விற்கும் கடையில் வேலை பார்த்து, சின்னச் சின்ன நிகழ்ச்சிகளில் வித்தை காட்டியவர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் எந்த இடத்தில் பெரிய சிரிப்பு, எந்த இடத்தில் அமைதி என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார். உங்கள் மகளின் பென்சில் நோட்டு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? புகழைப் பார்த்து மயங்கியவளுக்கு அந்தப் புத்தகத்தில் கிடைப்பது ஏமாற்றம்தான். அதைப் படித்த பிறகும் அவள் பின்வாங்கவில்லை.

பொறியியலையும் நகைச்சுவையையும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைக்கிறீர்கள். கிரேஸி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். கல்லூரி நாட்களிலேயே நாடகம் எழுதத் தொடங்கி, பிறகு வேலைக்குப் போய்க்கொண்டே எழுதினார். அவருடைய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ மேடையேறியது 1976இல். திரையுலகில் அவர் பெயரை எல்லோரும் உச்சரிக்க வைத்த ‘அபூர்வ சகோதரர்கள்’ வந்தது 1989இல். நடுவில் 13 ஆண்டுகள், சபா மேடைகளில் வாரம்தோறும் முன்வரிசை முகங்களைப் பார்த்து எழுத்தைத் திருத்திக்கொண்ட ஆண்டுகள். சம்பந்த முதலியாரும் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தபடியே நாடகம் எழுதினார். அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ உங்கள் மகள் அடுத்துப் படிக்க வேண்டிய நூல். தேவனும் கல்கியும் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தபடி வாரக்கெடுவுக்கு எழுதியவர்கள். ‘அப்புசாமி’யைப் படைத்த பாக்கியம் ராமசாமியும் பத்திரிகை ஆசிரியர் குழுவில் இருந்தவர்தான், தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் சேர்த்துத் தன் புனைபெயராக்கிக்கொண்டார். பிள்ளை நகைச்சுவை எழுதினால் குடும்பத்தின் பெயர் கெடும் என்று அஞ்சுகிறவர்களிடம் நான் இதை மறக்காமல் சொல்வேன்.

எனவே பட்டத்தை விட வேண்டாம். இதில் நான் உங்கள் பக்கம். ஒரு அரியர்கூட இல்லாமல் அவள் முடிக்க வேண்டும். எழுத்துக்கு வருமானம் வரும்வரை வீட்டு வாடகைக்கு அந்தப் பட்டம் பதில் சொல்லும். ஆனால் முடிக்கும்வரை எழுதாதே என்று சொல்லிவிடாதீர்கள். இந்த வேலையில் கை பழக ஆண்டுகள் ஆகும். இப்போது நிறுத்தினால் இருபத்திரண்டு வயதில் அவள் முதல் படியில்தான் நிற்பாள்.

அவள் படிக்கும் முறையில் மட்டும் ஒரு திருத்தம் சொல்வேன். இரசிகையாகப் படிப்பது போதாது. தையல் கற்பவர்கள் நல்ல சட்டை ஒன்றைப் பிரித்துப் பார்ப்பார்கள் அல்லவா, அப்படிப் படிக்க வேண்டும். சாம்புவின் ஓர் அத்தியாயத்தைக் கையால் நகலெடுக்கட்டும். சிரிப்பு வந்த வரிக்கு முன்னால் உள்ள நான்கைந்து வரிகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, சிரிப்பு இன்னும் வருகிறதா என்று பார்க்கட்டும். எந்த வரியை அடித்ததும் சிரிப்பு செத்துப்போகிறதோ, அந்த வரிதான் அதைத் தாங்கி நின்ற தூண். பல நேரங்களில் அது வேடிக்கையே இல்லாத, ஏதோ தகவல்போலத் தெரிகிற வரியாக இருக்கும். மூன்று மாதம் இப்படிச் செய்தால், பயிற்சி நூல்கள் பத்தைப் படித்தாலும் வராத தெளிவு வரும். ஆங்கிலத்தில் நகைச்சுவை எழுதக் கற்றுத்தரும் கையேடுகள் நிறைய விற்கின்றன. ஒன்று வாங்கிப் படித்தால் போதும். அவற்றின் எடுத்துக்காட்டுகள் அந்த ஊர் வாழ்க்கையை நம்பியிருக்கின்றன. நம்முடைய சிரிப்பு உறவுமுறையிலும் வட்டார வழக்கிலும் சிலேடையிலும் ஊறியது. கல்கியின் நகைச்சுவைக் கட்டுரைகள் நாட்டுடைமையானவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் கிடைக்கும். காசு அங்கே மிச்சமாகட்டும்.

வேலை வாய்ப்பைக் கேட்டீர்கள். நகைச்சுவை எழுத்தாளர் என்று பதவிப் பெயர் போட்டு விளம்பரம் வருவது அபூர்வம். வேலை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதுபவர், பண்பலை வானொலியில் நிகழ்ச்சி எழுதுபவர், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் எழுத்துக் குழு, யூடியூப் சேனல்கள், இணையத் தொடர்கள், திரைப்பட வசன உதவியாளர். இவற்றோடு டப்பிங் வசனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான கார்ட்டூன்களும் வேற்றுமொழித் தொடர்களும் தமிழுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நகைச்சுவையை மொழிபெயர்த்தால் உயிர் போய்விடும். உதட்டசைவுக்கும் பொருந்தி, தமிழில் புதிதாகச் சிரிக்கவும் வைக்க வேண்டும். தமிழ் நன்றாகத் தெரிந்த, தொழில்நுட்பத்துக்கு அஞ்சாத பிள்ளைக்கு அது நல்ல பயிற்சிக்களம். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்துக்கு அவள் கல்லூரியில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்ற பிறகும் ஆர்வம் குறையாவிட்டால், புனே திரைப்படக் கல்லூரியின் திரைக்கதை எழுத்துப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதட்டும். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் தடையில்லை.

வருமானத்தைப் பற்றி உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. தொடக்கத்தில் குறைவு, சில மாதங்களில் எதுவும் வராது. திரைத்துறையில் உதவியாளர்களுக்குப் பணம் தவணை தவணையாகத்தான் வரும், சில நேரம் வராமலே போகும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த பையன் ஒருவன் ஒரு நிறுவனத்துக்கு ஆறு மாதம் எழுதிக் கொடுத்தான். நிகழ்ச்சி ஒளிபரப்பானது, அவன் பெயர் அதில் இல்லை. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாததால் கேட்கவும் முடியவில்லை. அவன் அம்மா என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: எவ்வளவு சிறிய வேலையாக இருந்தாலும் தொகை, தவணை, பெயர் போடுவது ஆகிய மூன்றும் மின்னஞ்சலிலாவது எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியதைத் தேதியோடு தனக்கே ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரைப்படத்துக்கு எழுதிய எழுத்து திரையரங்குக்கு வெளியே வேறு வடிவில் பயன்படும்போது எழுத்தாளருக்கு உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்றும், அந்த உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது வேறு, தெரியாமல் போடுவது வேறு.

கடைசியாக, தொலைபேசியை வைக்கும் முன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னீர்கள். “பொம்பளப் பிள்ள நாலு பேருக்கு முன்னால கேலி பேசினா நாளைக்கு யார் வந்து பொண்ணு கேப்பாங்க?” உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதுவரை நம் நகைச்சுவையில் கேலிக்கு உள்ளானவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். மனைவி, மாமியார், பருமனான பெண், கறுத்த பெண், திருமணமாகாத அக்கா. ஆண்கள் எழுத, பெண்கள் சிரிப்புக்குப் பொருளாக நின்றார்கள். மனோரமா போன்ற மாபெரும் கலைஞர்கள் மேடையையும் திரையையும் ஆண்டார்கள். ஆனால் அவர்கள் பேசிய வசனங்களில் பெரும்பகுதி ஆண்கள் எழுதியது. நம் நகைச்சுவை நூல் அலமாரியில் பெண்கள் எழுதியவை இன்னும் மிகக் குறைவு. சமையலறையிலும் ரேஷன் கடை வரிசையிலும் பெண்கள் பேசிச் சிரிப்பதில் எவ்வளவு கூர்மை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? அது அச்சில் வர வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன். அதை எழுத உங்கள் மகளைப் போன்றவர்கள்தான் வர வேண்டும்.

இரண்டு ஆண்டுக் கெடு வைத்துக்கொள்வோம். அதற்குள் மாதம் இரண்டு கட்டுரை வீதம் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பட்டும். கல்லூரி விழாவில் ஒரு நாடகமாவது எழுதி மேடையேற்றட்டும். திரும்பி வந்த கட்டுரைகளையும் அச்சான கட்டுரைகளையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு கெடு முடிந்ததும் இருவரும் வாருங்கள். அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் அடுத்த முடிவு.

அதுவரை உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவள் விடுதியிலிருந்து அழைக்கும்போது, அந்த வாரம் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். வராத இடத்தில், மகள் மனம் வருந்துவாள் என்று நினைக்காமல், வரவில்லை என்றே சொல்லுங்கள். அவள் அதையும் நோட்டில் குறித்துக்கொள்வாள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்