பெயரில் நெய்வேலி, பிறப்பில் அமெரிக்கா

கேள்வி: எங்கள் ஏரிக்கரை முழுக்க ஊதாப் பூக்கள். மாணவர்களை அழைத்துப்போய் நம் மண்ணின் செடிகளைக் காட்ட ஆசை. எது நம்முடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஓர் ஆசிரியை, மதுராந்தகம்

பதில்: புனல்போல விரிந்த பெரிய பூ, இதய வடிவ இலை, ஒடித்தால் பால் வடிகிறதா? அது நெய்வேலி காட்டாமணக்கு. பெயரை நம்பாதீர்கள். நெய்வேலியும் அதன் ஊரில்லை, ஆமணக்கும் அதன் உறவில்லை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் பங்காளி. ஆடு தொடர்ந்து தின்றால் நரம்பு கெட்டுத் தள்ளாடும். ஒடித்து எறிந்த தண்டுகூட ஈரத்தில் வேர்விட்டுவிடும். வேலிக்கு நல்லது என்று ஒரு காலத்தில் நானே நான்கு குச்சிகளை ஊன்றினேன். இன்று அது வாய்க்காலை அடைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து வயல்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் விசாரிக்கிறார்.

மாணவர்களுக்குக் காட்ட வேண்டிய ஊதா, நீர்முள்ளி. கரையோரச் சேற்றில் இடுப்பளவு நிற்கும். ஒரு கணுவைப் பிடித்து (மெதுவாக!) எண்ணச் சொல்லுங்கள்: சுற்றிலும் ஆறு முட்கள், அவற்றுக்கு நடுவே நெருக்கமாகப் பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு உதடுகள். கீழ் உதட்டில் மஞ்சள் தீற்றல். காய்ந்த விதை நான்கைந்தை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சற்று நேரத்தில் கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும். பாடப்புத்தகத்தை மறந்தாலும் இதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

ஏரிக்குள் மிதக்கும் ஊதாப் பூவும் நம்முடையதல்ல. இலைக்காம்பு பஞ்சுபோல உப்பியிருந்தால் அது தென்னமெரிக்காவின் வெங்காயத்தாமரை. செய்தித்தாள்கள் அதை ஆகாயத்தாமரை என்று எழுதுகின்றன. சித்த வைத்தியர் அதே பெயரில் முட்டைக்கோசு போன்ற வேறொரு சிறு மிதவைச் செடியைச் சொல்வார். ஆகவே பெயரைக் கேட்டு முடிவெடுக்காமல் காம்பைப் பாருங்கள்.

கேள்வி: தட்டானும் ஊசித்தட்டானும் ஒன்றுதானா?
– வாசகர், செய்யூர்

பதில்: உறவினர்கள்தாம், ஒன்றல்ல. தட்டான் உட்காரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும்; ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை முதுகின்மேல் சேர்த்துக்கொள்ளும். பின்னதற்குக் கண்கள் தலையின் இரு ஓரத்திலும் விலகி நிற்கும்.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்களே, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அப்படிக் கூட்டமாக வரும் மஞ்சள் தட்டானைக் கவனியுங்கள். லேசில் உட்காராது. உட்கார்ந்தாலும் குச்சியில் செங்குத்தாகத் தொங்கும். இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை போகிற பூச்சி அது.

கேள்வி: கைபேசிச் செயலி சொல்லும் செடிப் பெயரை நம்பலாமா?
– கல்லூரி மாணவர், உத்திரமேரூர்

பதில்: பூவை மட்டும் படமெடுத்தால் நம்பாதீர்கள். இலையின் அடிப்பக்கம், கணு, காய் மூன்றையும் எடுங்கள். அதன் பிறகும் கரையில் மாடு மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.