பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கியபின் ரீட்களை (கருவி படித்துத் தரும் துண்டுகளை) எண்ணினால் போதாதா? மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒட்டும் யுஎம்ஐ லேபிள் எதற்கு?

போதாது. அவசரமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சம் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு எழுதுவது.

"கைடு யுஎம்ஐ போடச் சொல்கிறார், ஆனால் இன்னும் ஆழமாக சீக்வென்ஸ் செய்தாலே அதே விடை வந்துவிடாதா, பழைய டேட்டாவிலும் இதைச் சேர்க்க முடியுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வு மாணவராக இருப்பீர்கள், சொன்னதற்காக மட்டும் செய்ய மனம் ஒப்பாதவர் என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல குணம்தான்.

ஒரு செல்லில் இருக்கும் ஆர்என்ஏவை அப்படியே சீக்வென்சரில் (எழுத்து வரிசையைப் படிக்கும் கருவியில்) போட முடியாது, அவ்வளவு குறைவு. அதனால் டிஎன்ஏவாக மாற்றி பிசிஆரில் பெருக்குகிறோம். எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் பெருகினால் உங்கள் வாதம் சரி. பெருகுவதில்லை. ஒரு வரிசை ஒவ்வொரு சுற்றிலும் முழுசாக இரட்டிக்கிறது, இன்னொன்று 1.9 மடங்குதான் ஆகிறது என்று வையுங்கள். 20 சுற்று முடிவில் முதலாவது இரண்டாவதைப் போல 2.8 மடங்கு இருக்கும், தொடங்கும்போது இரண்டும் சமமாகவே இருந்திருந்தாலும். ஆழமாக சீக்வென்ஸ் செய்தால் இந்தக் கோணல் இன்னும் துல்லியமாகத் தெரியும், நேராகாது.

யுஎம்ஐ என்பது ஜெராக்ஸ் எடுக்கும் முன் மூலப் பத்திரம் ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணைக் குத்திவிடுவது. பிறகு எத்தனை நகல் வந்தாலும் எத்தனை வெவ்வேறு எண்கள் இருக்கின்றன என்று பார்த்தால் போதும். இங்கே அந்த எண், தற்செயலாக அமைந்த எட்டு, பத்து அல்லது பன்னிரண்டு டிஎன்ஏ எழுத்துகள். பத்து எழுத்து என்றால் 10,48,576 லேபிள்கள். ஐந்து எழுத்து என்றால் 1,024தான். அதில் ஒரே ஜீனின் 1,000 மூலக்கூறுகளை விட்டால் பல மூலக்கூறுகள் ஒரே லேபிளைப் பகிர்ந்துகொள்ளும், உங்கள் கணக்கில் சுமார் 640தான் தெரியும். பத்து எழுத்தில் அதே 1,000 விட்டால் மோதல் ஒன்றோ இரண்டோ, பெரும்பாலும் அதுவும் இராது. 2011இல் 960 லேபிள்களை வைத்தே டிஎன்ஏ மூலக்கூறுகளை எண்ணிக் காட்டினார்கள். இன்று நாம் சொல்லும் யுஎம்ஐ என்ற பெயரோடு கிவியோயா குழுவின் கட்டுரை 2012இல் வந்தது.

இதெல்லாம் எங்கும் படிக்கலாம். நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்கு.

நான் டேட்டா அனாலிசிஸ் செய்பவன். ஒருமுறை எங்களுக்கு வந்த ஒற்றைச் செல் ஆர்என்ஏ டேட்டாவில் யுஎம்ஐ எண்ணிக்கை பிரமாதமாக இருந்தது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், "இந்த முறை கேப்ச்சர் (மூலக்கூறுகளைப் பிடிப்பது) நன்றாக வந்திருக்கிறது" என்றார்கள். எனக்கு உறுத்தியது ஸ்பைக்-இன். மாதிரியோடு தெரிந்த அளவில் செயற்கை ஆர்என்ஏ சேர்ப்பார்களே, ஈஆர்சிசி என்று 92 வகை வரும், அதுதான். அதில் நாங்கள் போட்டதை விட அதிக மூலக்கூறுகளை எண்ணியிருந்தோம்! பாதி கிடைத்தால் நம்பலாம், கால்வாசி கிடைத்தாலும் நம்பலாம். போட்டதை விட அதிகம் எப்படி வரும்?

பிப்பெட் தவறு, அளந்து ஊற்றியதில் பிசகு என்றார்கள். பிப்பெட் தவறாக இருந்தால், ஆழமாக சீக்வென்ஸ் செய்யச் செய்ய எண்ணிக்கை ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். இது நிற்கவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. ஒரு லேபிளுக்கு எத்தனை ரீட் என்று வரைந்து பார்த்தேன். நல்ல டேட்டாவில் நடுவில் ஒரு மேடு வரும். எங்களுடையதில் ஒரே ஒரு ரீட் உள்ள லேபிள்கள் இடது ஓரத்தில் மலையாகக் குவிந்திருந்தன.

அடுத்து, "அது சீக்வென்சிங் பிழை, யுஎம்ஐ-டூல்ஸ் மென்பொருளில் போட்டால் போய்விடும்" என்றார்கள். அதையும் செய்தேன். லேபிளில் ஓர் எழுத்து மாறிப் படிக்கப்பட்டால் அது அதிக ரீட் உள்ள ஏதோ ஒரு பெரிய லேபிளுக்கு ஓர் எழுத்துத் தள்ளி நிற்கும். பெரியதன் எண்ணிக்கை சிறியதன் இரு மடங்கில் ஒன்று குறைந்த அளவாவது இருந்தால் அந்த மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பத்து எழுத்து லேபிளுக்கு ஓர் எழுத்துத் தள்ளிய அண்டை லேபிள்கள் 30தான். எங்கள் குவியலில் இருந்தவை யாருக்கும் அண்டையாக இல்லை. முழுக்கப் புது லேபிள்கள். அப்படியென்றால் யாரோ பிசிஆர் நடக்கும்போதே லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த "யாரோ", மிச்சமிருந்த பிரைமர், அதாவது நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு. ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனில் லேபிளைச் சுமந்து வரும் பிரைமரைச் சரியாகக் கழிக்காமல் பிசிஆருக்குப் போனால், அது நகலின் மேல் போய் ஒட்டி, பழைய மூலக்கூறுக்குப் புது எண் கொடுத்துவிடும். சுற்றுக்குச் சுற்று புதுப்புது "மூலக்கூறு" பிறக்கும். அடுத்த பேட்சில் எக்சோநியூக்ளியேஸ் 1 என்ற என்சைமைப் போட்டு ஒற்றை இழைப் பிரைமர்களைத் தின்ன வைத்தார்கள். எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது, ஸ்பைக்-இன்னும் போட்டதற்குக் கீழே வந்தது. டேட்டா "மோசமாகிவிட்டது" என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

வெட் லேப் ஆட்களை, அதாவது ஆய்வகத்தில் கையால் சோதனை செய்பவர்களைக் குறை சொல்கிறான் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். பிரைமர் கழிப்பது எவ்வளவு நச்சு வேலை என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எல்லா முறையிலும் இந்தச் சிக்கல் வரும் என்றும் சொல்லவில்லை.

என் ஆதங்கம் வேறு. பரிசோதனை முடிந்து, மாதிரி தீர்ந்து, பணமும் தீர்ந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். லேபிள் எத்தனை எழுத்து, ஸ்பைக்-இன் உண்டா, எவ்வளவு ஆழம் என்று எதையும் முன்னாலேயே கேட்பதில்லை. கடைசியில் கட்டுரை வரும்போது ஆசிரியர் பட்டியலில் ஃப்ரீசரைச் சுத்தம் செய்தவர் வரை இருப்பார், நாங்கள் நன்றியுரையில் "கணினி உதவிக்காக" என்று ஒரு வரியில் இருப்போம். ஒரு தடவை என் இனிஷியலைக்கூட மாற்றிப் போட்டிருந்தார்கள். சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

உங்கள் கைடு சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று: யுஎம்ஐ எண்ணுவது செல்லில் இருந்த மூலக்கூறுகளை அல்ல, அவற்றில் பிரைமரிடம் மாட்டி லேபிள் வாங்கியவற்றை மட்டும். ஒற்றைச் செல் வேலையில் பெரும்பகுதி மாட்டாமலே போகும். ஆகவே ஒரு ஜீனுக்குப் பூஜ்யம் வந்தால் "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

பழைய டேட்டாவில் சேர்க்க முடியுமா என்றால், முடியாது. பெருக்கிய பிறகு ஒட்டும் லேபிள் நகல்களைத்தான் எண்ணும். தாறுமாறாகத் துண்டாக்கி எடுத்த டிஎன்ஏவாக இருந்தால் துண்டு தொடங்கும், முடியும் இடங்களை வைத்து நகல்களை ஓரளவு கழிக்கலாம். குறிப்பிட்ட இடத்தை மட்டும் பெருக்கிய ஆம்ப்ளிகான் என்றால் எல்லாத் துண்டும் ஒரே இடத்தில்தான் தொடங்கும், அந்த வழியும் இல்லை. மூல ஆர்என்ஏ மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் லேபிளோடு திரும்பச் செய்யுங்கள், ஸ்பைக்-இன்னும் சேர்த்து.