அரசு கேட்டதைச் செய்த தொலைபேசி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுப்பது நியாயமா?

அமெரிக்க அரசின் ரகசிய ஒட்டுக்கேட்புக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்களை வழக்குகளிலிருந்து விடுவித்து 2008-இல் சட்டம் இயற்றினார்களே, அரசு கேட்டதைச் செய்ததற்காக ஒரு நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றுவது நியாயமா, இந்தியாவில் இருக்கும் நமக்கு இதனால் ஏதாவது பாதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில், நியாயம்தான் என்பது. சட்டப்படி வந்த ஆணைக்குக் கீழ்ப்படிந்த நிறுவனத்தை யாரும் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு 2008-க்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பாதுகாப்பு இருந்தது. இந்த ஒரு செய்தி விவாதங்களில் காணாமல் போய்விடுவதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் 2003 முதல் 2009 வரை நியூ ஜெர்சியில் நெட்வொர்க் பொறியாளராக வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தியக் கடையில் காலிங் கார்டு வாங்கி, தஞ்சாவூரில் இருந்த அம்மாவுடன் பேசுவது வழக்கம். ஒரு முனை அமெரிக்காவிலும் மறுமுனை வெளிநாட்டிலும் இருக்கும் அழைப்புகளை, அல்கொய்தா தொடர்பு இருப்பதாகக் கருதினால் நீதிமன்ற ஆணை இல்லாமலே கேட்கும்படி தாம் உத்தரவிட்டதாக அதிபர் புஷ் 2005 டிசம்பரில் வானொலி உரையில் ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய நாள் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டிருந்தது. அம்மா சொன்ன நெல் விலையையும் அக்கா பிள்ளையின் காய்ச்சலையும் யாரும் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்று நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனாலும் எங்கள் அழைப்பு எந்தக் கம்பி வழியாகப் போகிறதோ அந்தக் கம்பியின் சொந்தக்காரர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வி அன்று தொடங்கி என்னை விடவில்லை.

இது 2001-இல் முளைத்த பிரச்சினை அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் 1975 வரை, வெஸ்டர்ன் யூனியன், ஆர்.சி.ஏ., ஐ.டி.டி. ஆகிய மூன்று தந்தி நிறுவனங்களும் அமெரிக்காவுக்குள் வந்த, அங்கிருந்து வெளிநாடு சென்ற தந்திகளின் படிகளை ராணுவ உளவுப் பிரிவுக்கும், பின்னர் அதன் வாரிசான என்.எஸ்.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு முகமைக்கும் கொடுத்து வந்தன. ஷாம்ராக் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். அது சட்டவிரோதமாக இருக்கக்கூடும் என்று அந்த நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார்கள். அதனால் 1947-இல் நிறுவனத் தலைவர்கள் பாதுகாப்புச் செயலர் ஜேம்ஸ் ஃபாரஸ்டலைச் சந்தித்து, எங்கள் மீது வழக்கு வராது என்று உறுதி கொடுங்கள் எனக் கேட்டார்கள். இந்த ஆட்சி இருக்கும்வரை வராது, அடுத்து வருகிறவர்களை நான் கட்டுப்படுத்த முடியாது என்பதே அவரால் கொடுக்க முடிந்த உறுதி. அதன் பிறகும் 1975 வரை தந்திகள் கைமாறின. செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு 1975-இல் இதை வெளிக்கொண்டு வந்தபோது, மாதத்துக்கு ஏறத்தாழ 1,50,000 தந்திகளை என்.எஸ்.ஏ. ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்துவந்தது தெரியவந்தது.

அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 1978-ஆம் ஆண்டின் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம். ஃபைசா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தொலைபேசி நிறுவனத்தை வாசல் காவலராக நிறுத்தினார்கள். நீதிமன்ற ஆணையோ, ஆணை தேவையில்லாத சில சூழல்களில் அட்டர்னி ஜெனரல் என்ற அரசின் தலைமைச் சட்ட அதிகாரியின் எழுத்துப்பூர்வமான சான்றோ காட்டினால் நிறுவனம் கதவைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்ததற்காக அதன் மீது யாரும் வழக்குத் தொடுக்க முடியாது. இரண்டுமில்லாமல் திறந்துவிட்டால், பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரலாம். கண்காணித்தவர் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையைக்கூடச் சட்டமே சொன்னது: ஆளுக்கு 1,000 டாலர், அல்லது நாளுக்கு 100 டாலர், இவற்றில் எது அதிகமோ அது. ரகசியமாக நடக்கும் கண்காணிப்பில், கண்காணிக்கப்படுகிறவருக்கு எதுவும் தெரியாது. நீதிபதிக்கும் அரசு சொன்னால்தான் தெரியும். "ஆணை எங்கே?" என்று கேட்கக்கூடிய இடத்தில் இருக்கும் ஒரே வெளியாள் நிறுவனம்தான். அந்தக் கேள்வியை அது தவறாமல் கேட்க வேண்டும் என்பதற்காகவே இழப்பீட்டுப் பொறுப்பு அதன் தலையில் வைக்கப்பட்டது.

2001 அக்டோபரில் புஷ் தொடங்கிய திட்டம் இந்த ஏற்பாட்டைச் சுற்றிக்கொண்டு போனது. ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தில் தொழில்நுட்பராக இருந்து 2004-இல் ஓய்வுபெற்ற மார்க் கிளைன், தம்மிடமிருந்த ஆவணங்களோடு 2006 ஜனவரியில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் பவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பின் அலுவலகத்துக்கு நடந்து வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் 611 ஃபோல்சம் தெருவில் உள்ள கட்டடத்தில், ஏழாம் மாடியில் ஓடிய இணையக் கம்பிகளில் ஒளிப்பிரிப்பான்களைப் பொருத்தி, அதிலிருந்து ஆறாம் மாடியின் 641ஏ என்ற பூட்டிய அறைக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள் என்பது அவர் தந்த செய்தி. என் தொழில் சார்ந்து ஒன்று சொல்ல வேண்டும். ஒளிப்பிரிப்பான் என்பது மின்சாரம்கூடத் தேவைப்படாத ஒரு கண்ணாடிச் சாதனம். வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைப் போகவேண்டிய வழியில் விட்டு, மறு பங்கை இன்னொரு கம்பியில் அனுப்பும். யாருடைய மின்னஞ்சல், எந்த நாட்டவருடையது என்று பார்த்துப் பிரிக்க அதற்குத் தெரியாது. ஆகவே, சந்தேகத்துக்குரிய சிலரை மட்டுமே தேர்ந்தெடுத்துக் கேட்டோம் என்பது உண்மையாகவே இருந்தாலும், அந்தத் தேர்வு முழு வெள்ளமும் அறைக்குள் வந்து சேர்ந்த பிறகே நடந்திருக்க முடியும்.

அந்த மாதக் கடைசியிலேயே ஏ.டி. அண்ட் டி. மீது ஹெப்டிங் என்ற வாடிக்கையாளரின் பெயரில் வழக்கு தொடுக்கப்பட்டது. அரசு ரகசியம் என்று காரணம் காட்டி வழக்கையே தள்ளுபடி செய்யும்படி அரசு கேட்க, நீதிபதி வான் வாக்கர் 2006 ஜூலையில் மறுத்தார். குற்றச்சாட்டில் சொல்லப்படும் அளவுக்கு உள்நாட்டு மக்களை வாரி இழுக்கும் கண்காணிப்பு சட்டத்துக்கு உட்பட்டது என்று விவரம் தெரிந்த எந்த நிறுவனமும் நம்பியிருக்க முடியாது என்ற பொருளில் அவர் எழுதினார். அதற்குள் வெவ்வேறு மாநிலங்களில் ஏறத்தாழ 40 வழக்குகள் சேர்ந்திருந்தன.

நிறுவனங்களுக்கு எழுத்தில் என்ன கொடுக்கப்பட்டது என்பது 2007 அக்டோபரில் செனட் உளவுக் குழுவின் அறிக்கையில் வெளிவந்தது. திட்டம் சட்டப்படியானது என்று அட்டர்னி ஜெனரல் முடிவு செய்திருக்கிறார் என்ற கடிதங்கள் அவர்களுக்கு அனுப்பப்பட்டன. ஒரே ஒரு கடிதத்தில் மட்டும் அட்டர்னி ஜெனரலுக்குப் பதிலாக அதிபரின் ஆலோசகர் அப்படி முடிவு செய்ததாக இருந்தது. 2004 மார்ச் மாதத்தில், அட்டர்னி ஜெனரல் ஆஷ்கிராஃப்ட் மருத்துவமனையில் கிடந்தபோது அவர் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் கோமி, திட்டம் சட்டப்படியானது என்று கையெழுத்திட மறுத்த காலம் அது. அட்டர்னி ஜெனரலின் சான்று என்று சட்டம் சொல்லும் இடத்தில் வேறொருவர் பெயர் வந்தபோது, ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவு என்ன செய்திருக்க வேண்டும்? எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மிக முக்கியமான தாள் இதுதான். கேட்க வேண்டிய கேள்வியை அந்தத் தாளே நிறுவனத்தின் கையில் எடுத்துக் கொடுத்தது.

கேட்பது இயலாத காரியமும் அல்ல. அழைப்புப் பதிவுகளைத் தரும்படி கேட்கப்பட்டபோது, நீதிமன்ற ஆணை இருக்கிறதா என்று க்வெஸ்ட் என்ற தொலைபேசி நிறுவனத்தின் தலைவர் ஜோசஃப் நாக்கியோ விசாரித்து, இல்லை என்று அறிந்ததும் மறுத்துவிட்டதாக அவருடைய வழக்கறிஞர் 2006-இல் தெரிவித்தார். (நாக்கியோ பிறகு பங்கு விற்பனைக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் கேட்ட கேள்வி அதனால் பிழையாகிவிடாது.)

நிறுவனங்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு கொடுக்க வேண்டும் என்றவர்களின் வாதங்களில் ஒன்றை நான் மதிக்கிறேன். அரசு ரகசியம் என்ற பூட்டு இருப்பதால், தாங்கள் உதவினோமா இல்லையா என்றுகூட நிறுவனங்களால் நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியவில்லை. கையைக் கட்டிப்போட்டுச் சண்டைக்கு அனுப்புவது போன்ற நிலை அது. மெய்தான். ஆனால் அதற்கு வழி இருந்தது. நிறுவனத்தை விடுவித்து, அதன் இடத்தில் அரசையே பிரதிவாதியாக நிறுத்தி வழக்கைத் தொடரலாம் என்று செனட்டர்கள் ஆர்லென் ஸ்பெக்டரும் ஷெல்டன் வைட்ஹவுசும் திருத்தம் கொண்டுவந்தார்கள். செனட் அதை நிராகரித்தது. திட்டத்தைப் பற்றி அரசுத் துறைகளின் தலைமை ஆய்வாளர்கள் தரும் அறிக்கை வரும்வரை விலக்கைத் தள்ளிவைக்கலாம் என்ற செனட்டர் பிங்கமனின் திருத்தமும் 42-56 என்று தோற்றது. நிறுவனங்கள் மீது இரக்கம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், முதல் திருத்தமே போதுமானதாக இருந்திருக்கும். நடந்தது சட்டபூர்வமா என்ற கேள்வியே நீதிமன்றத்துக்குள் நுழையக்கூடாது என்பதுதான் நோக்கம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

2008 ஜூலை 9 அன்று மசோதா 69-28 என்று நிறைவேறியது. மறுநாள் புஷ் கையெழுத்திட்டார். முன்தேதியிட்ட விலக்கு எந்த மசோதாவில் இருந்தாலும் அதைத் தடுக்கத் துணைநிற்பேன் என்று முந்தைய ஆண்டில் சொல்லியிருந்த ஒபாமா, விலக்கை நீக்கும் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு, அது தோற்றதும் மசோதாவுக்கும் ஆதரவாக வாக்களித்தார். அவர்மீது பெரிய நம்பிக்கை வைத்திருந்த எனக்கு அன்று மிகவும் வலித்தது. புதிய சட்டப்படி, இந்தத் திட்டத்துக்கு அதிபர் அனுமதி தந்தார், அது சட்டப்படியானது என முடிவு செய்யப்பட்டது என்று எழுத்தில் நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டதா என்பதை மட்டும் அட்டர்னி ஜெனரல் சான்றளித்தால் போதும். நீதிபதி வழக்கை முடித்துவைக்க வேண்டும். கடிதம் வந்ததா என்று நீதிபதி பார்க்கலாம். கடிதத்தில் சொன்னது சரியா என்று பார்க்க முடியாது. 2009 ஜூனில் அதே வாக்கர் வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

நிறுவனத்தை விட்டுவிட்டு அரசின் மீது வழக்குப் போடலாமே என்று சொன்னார்கள். அல்ஹரமைன் என்ற அறக்கட்டளை தவறுதலாகத் தன் கைக்கு வந்த ரகசிய ஆவணத்தால் தான் கண்காணிக்கப்பட்டதை அறிந்து வழக்குத் தொடுத்து, 2010-இல் வென்றும் விட்டது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஃபைசாவின் இழப்பீட்டுப் பிரிவின்கீழ் அரசிடம் இழப்பீடு கோர முடியாது என்று அந்தத் தீர்ப்பைப் புரட்டிவிட்டது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதே 2008 சட்டத்தின் 702-ஆவது பிரிவு, அமெரிக்கரல்லாத, அமெரிக்காவில் இல்லாதவர்களைக் குறிவைப்பது. அதாவது தஞ்சாவூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு அமெரிக்க நிறுவனத்தின் மின்னஞ்சலைப் பயன்படுத்தும் நம்மைப் போன்றவர்களும் அதன் எல்லைக்குள் வருகிறோம். ஆளுக்கொரு நீதிமன்ற ஆணை இதற்குத் தேவையில்லை. ஆண்டுக்கொரு முறை பொதுவான நடைமுறைகளுக்கு, ஃபைசாவின்கீழ் அமைந்த ரகசிய நீதிமன்றம் ஒப்புதல் தரும். 2023-இல் இப்படிக் குறிவைக்கப்பட்டவர்கள் 2,68,590 என்பது அமெரிக்க அரசே வெளியிட்ட கணக்கு. கேட்டதைக் கொடுக்கும் நிறுவனத்துக்கு விலக்கு அந்தப் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சேகரித்த தகவலுக்குள் அமெரிக்கர்களைத் தேடுவதற்கு ஆணை வேண்டும் என்ற திருத்தம் 2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 212-212 என்று சமநிலையில் விழுந்தது. அது வென்றிருந்தாலும் நமக்கு ஒன்றும் மாறியிருக்காது. கண்காணிக்கப்பட்டோம் என்று நிரூபிக்க முடியாதவர் வழக்குத் தொடுக்கவே தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்துவிட்டது.

ஆணையை எதிர்த்து அந்த ரகசிய நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை நிறுவனத்துக்கு மட்டும் இருக்கிறது. 702-க்கு முன்னோடியாக 2007-இல் வந்த தற்காலிகச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்டபோது யாகூ அப்படிப் போனது. இணங்காவிட்டால் நாளுக்கு 2,50,000 டாலர் அபராதம் விதிக்க வேண்டும் என்று அரசு நீதிமன்றத்தைக் கேட்டது. யாகூ பணிந்தது, 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் தோற்றது. அபராத மிரட்டல் உட்பட அந்த வழக்கின் பெரும்பாலான ஆவணங்கள் 2014-இல்தான் வெளியே வந்தன. அந்த ஆறு ஆண்டுகளும் யாகூவில் அஞ்சல் கணக்கு வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் சார்பில் அந்த நிறுவனம் வாதாடித் தோற்றிருந்தது 2013-இல் செய்தி வெளிவரும்வரை எங்களில் யாருக்கும் தெரியாது.