மொன்டானாவில் விற்பனை வரி இல்லையே, பில்லில் 3 சதவீதம் எதற்கு?

கேள்வி: கலிஃபோர்னியாவிலிருந்து கிளேசியர் தேசியப் பூங்கா பார்க்கக் குடும்பத்தோடு போனோம். மொன்டானாவில் விற்பனை வரியே கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வொயிட்ஃபிஷ் என்ற ஊரில் 80 டாலருக்குச் சாப்பிட்டதற்கு 2 டாலர் 40 சென்ட் ‘ரிசார்ட் வரி’ என்று தனியாகப் போட்டிருந்தார்கள். நாங்கள் எந்த ரிசார்ட்டிலும் தங்கவில்லை. வெளியூர்க்காரர் என்று ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, அது முறையான வரிதான். உள்ளூர்க்காரர் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அதே 3 சதவீதம் கட்டித்தான் ஆக வேண்டும். நீங்கள் கேள்விப்பட்டதும் தப்பில்லை. மொன்டானாவில் மாநிலம் முழுவதற்குமான பொது விற்பனை வரி கிடையாது. 1971-இலும் 1993-இலும் அதைக் கொண்டுவரப் பார்த்தார்கள், இரண்டு முறையும் மக்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். அதனால் அங்கே ஊர்ச் செலவின் பெரும்பாரம் சொத்து வரியின் மேல் விழுகிறது, அதாவது அந்த ஊரில் வீடு வைத்திருப்பவர் மேல்.

சுற்றுலா ஊர்களுக்கு இது பெரிய தலைவலி. ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். கோடையில் வந்து போகிறவர்களோ அதைப் போலப் பல மடங்கு. சாலை தேய்கிறது, குப்பை சேர்கிறது, ஆம்புலன்ஸ் ஓயாமல் ஓடுகிறது. வந்தவர்களில் ஒருவர்கூட அந்த ஊருக்குச் சொத்து வரி கட்டுவதில்லை.

இதற்குத்தான் 1985-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மக்கள்தொகை குறைவாக இருக்கும், சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர், ‘ரிசார்ட் வரி’ என்று 3 சதவீதம் வரை தானே ஒரு வரி போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஊர் மன்றம் உட்கார்ந்து முடிவெடுத்தால் மட்டும் போதாது. எத்தனை சதவீதம், எத்தனை வருடம், எந்தச் செலவுக்கு என்று எழுதி, ஊர் மக்களின் வாக்கைப் பெற வேண்டும். யெல்லோஸ்டோன் பூங்காவின் மேற்கு வாசலில் இருக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோன்தான் 1986-இல் முதலில் தொடங்கியது. வொயிட்ஃபிஷ் 1996-இல் 2 சதவீதத்தோடு சேர்ந்தது.

ஆரம்பத்தில் வொயிட்ஃபிஷ் அந்தப் பணத்தைப் பிரித்த விதம் இது: 65 சதவீதம் தெருக்களுக்கு, 25 சதவீதம் உள்ளூர்க்காரர்களின் சொத்து வரியைக் குறைக்க, 5 சதவீதம் பூங்காக்களுக்கு, மீதி 5 சதவீதம் வரியை வசூலித்துக் கணக்குக் கொடுக்கும் கடைக்காரர்களுக்கு. கடைக்காரருக்கும் ஒரு பங்கு வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. வசூல் வேலை முழுவதும் அவர்கள் தலையில்தானே விழுகிறது.

நீங்கள் கட்டியது 2 அல்ல, 3 சதவீதம். அந்தக் கூடுதல் 1 சதவீதத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஊருக்கு வரும் குடிநீரின் பெரும்பகுதி ஹாஸ்கில் பேசின் என்ற மலைக்காட்டு ஓடைகளிலிருந்து வருகிறது. அந்த நிலம் ஒரு மரக் கம்பெனிக்குச் சொந்தம். நிலத்தின் விலை ஏற ஏற, அங்கே பங்களாக்கள் முளைத்துவிடும் என்ற பயம் வந்தது. நிலத்தையே வாங்க ஊரிடம் பணம் இல்லை. அதனால் ‘இங்கே என்றைக்கும் வீட்டுமனை போடக்கூடாது’ என்ற உரிமையை மட்டும் விலை கொடுத்து வாங்கத் தீர்மானித்தார்கள். மரம் வெட்டும் தொழிலைக் கம்பெனி தொடரலாம். ஊர் தரவேண்டிய பங்குக்காக வரியை 3 சதவீதமாக்கலாமா என்று 2015-இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். விற்பனை வரி என்றாலே முகம் சுளிக்கும் மாநிலத்தில், மிகப் பெரும்பான்மையோர் சரி என்றார்கள். சுமார் 3,000 ஏக்கர் காடு காப்பாற்றப்பட்டது. அந்த உணவகத்தில் உங்கள் குழந்தைகள் குடித்த தண்ணீருக்கும் அந்தக் காட்டுக்கும் தொடர்பு உண்டு. அந்த 2 டாலர் 40 சென்ட்டைத் தண்டம் என்று நினைக்காதீர்கள்.

2021-இல் மக்கள் இந்த வரியை மேலும் பல ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். ஊரில் வேலை செய்பவர்கள் ஊரிலேயே குடியிருக்க வீட்டு வசதிக்கும் இப்போது ஒரு பங்கு போகிறது. உங்களுக்குப் பரிமாறியவருக்கே அங்கே வாடகை கட்டுப்படியாகாத நிலைமை.

கேள்வி: மொன்டானாவின் இன்னொரு சுற்றுலா ஊரான பிக் ஸ்கையில் ரிசார்ட் வரி 4 சதவீதம் என்கிறார்கள். 3-தானே உச்சவரம்பு?

பதில்: தண்ணீர், சாக்கடை போன்ற அடிப்படை வேலைகளுக்குக் கூடுதலாக 1 சதவீதம் போட்டுக்கொள்ளப் பின்னாளில் சட்டம் இடம் கொடுத்தது. பிக் ஸ்கை மக்கள் 2020-இல் அதற்கு வாக்களித்தார்கள். அந்த ஊருக்கு நகராட்சியே கிடையாது, ஊரும் இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு வாரியம் வரிப்பணத்தைத் தீயணைப்பு, பேருந்து, நூலகம், வீட்டு வசதி என்று பங்கிடுகிறது.

கேள்வி: ஹோட்டல் பில்லில் ‘ரிசார்ட் வரி’, ‘ரிசார்ட் ஃபீ’ இரண்டும் இருந்தால்?

பதில்: பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. வரி ஊருக்குப் போகிறது. ஃபீ ஹோட்டல்காரரின் பைக்குப் போகிறது. நீச்சல் குளம், வைஃபை என்று காரணம் சொல்வார்கள். வரியை மனதாரக் கட்டலாம், ஃபீயைப் பற்றிக் கண்டிப்பாகக் கேள்வி கேட்க வேண்டும். 2025 மே மாதம் முதல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதிப்படி, கட்டாய ஃபீ எதுவானாலும் ஹோட்டல் முதலில் காட்டும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். அரசு வரியை மட்டும் பிறகு சேர்க்கலாம். அறை எடுக்கும்போது திரையில் பார்த்த விலையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரிக்கணக்கும் சுலபம்தான். வொயிட்ஃபிஷில் 200 டாலர் அறைக்கு, தங்குமிடங்களுக்கான மாநில வரி 8 சதவீதம், அதாவது 16 டாலர். ஊர் வரி 6 டாலர். மொத்தம் 222. அதற்கு மேல் ஏதாவது இருந்தால் என்னவென்று கேளுங்கள்.

கேள்வி: மளிகைக் கடையில் பால், ரொட்டி, காய்ச்சல் மாத்திரைக்கும் இந்த வரி உண்டா?

பதில்: கிடையாது. சமைக்காத உணவு, மருந்து, அத்தியாவசியப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. சுத்தியல், ஸ்க்ரூ டிரைவருக்குக்கூட வரி இல்லை. உணவகம், மது, தங்குமிடம், பனிச்சறுக்கு டிக்கெட், நினைவுப் பொருள் இவற்றுக்குத்தான் உண்டு. பால் பாக்கெட்டுக்குப் போட்டிருந்தால், அநேகமாக பில் இயந்திரத்தில் தவறாகப் பதிந்திருப்பார்கள். பில்லைக் காட்டிக் கேளுங்கள். ஆனால் அதே கடையில் சூடாக வாங்கிய சாண்ட்விச்சுக்கு வரி போட்டிருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், அது சமைத்த உணவு.