மழைக் கணக்கு படிக்க ஆசைப்படும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடிக்கப்போகும் மகள் காலநிலையும் டேட்டாவும் சேர்ந்த படிப்புதான் வேண்டும் என்கிறாள். அவள் அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு எதற்கும் பணம் கட்ட மாட்டேன் என்கிறார். நடுவில் நீங்கள் தூக்கம் இல்லாமல் இருக்கிறீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்ததிலிருந்துதான் அவளுக்கு இந்த எண்ணம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்த மழை உங்களுக்குத் தெரியும். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. தூத்துக்குடிப் பக்கம் வழக்கமாக ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழைகூட அவ்வளவு இருக்காது. இனியும் இப்படிப் பெய்யலாம் என்றால் பாலத்தை எவ்வளவு உயரத்தில் கட்டுவது, எந்தக் குளத்தின் கரையை முதலில் பலப்படுத்துவது, எச்சரிக்கை வந்ததும் எந்தத் தெருவைக் காலி செய்வது? யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்னால்தான் அரசாங்கம் முடிவெடுக்க முடியும். உங்கள் மகள் கேட்பது அந்தக் கணக்குக்கான படிப்பை.

இதெல்லாம் ஒரு வேலையா என்று அப்பா கேட்கிறார் அல்லவா? அவருக்கு அகமதாபாத் கதையைச் சொல்லுங்கள். 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்தில் இறந்தவர்களில் 'வெயிலால் இறந்தார்' என்று பதிவானவர்கள் மிகவும் குறைவு. எங்கும் அப்படித்தான் நடக்கும். வெயில் ஏற்கெனவே இருக்கும் இதய நோயையும் சிறுநீரக நோயையும் முற்றவைக்கும், காரணம் என்ற இடத்தில் அந்த நோயின் பெயரை எழுதிவிடுவார்கள். ஆராய்ச்சியாளர்கள் காரணத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்தார்கள். அந்த மே மாதத்தில் மொத்தம் எத்தனை மரணம், முன்னும் பின்னுமான ஆண்டுகளின் மே மாதத்தில் எத்தனை என்று ஒப்பிட்டார்கள். வித்தியாசம் 1,344 பேர். ஒரே நகரத்தில், ஒரே மாதத்தில்!

அந்தக் கோடைக்குப் பிறகு யாராலும் சும்மா இருக்க முடியவில்லை. மாநகராட்சியும் காந்திநகரில் உள்ள பொதுச் சுகாதாரக் கல்வி நிறுவனமும் இன்னும் சிலரும் சேர்ந்து 2013-இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 43 டிகிரியைத் தாண்டும் என்றால் ஆரஞ்சு எச்சரிக்கை, 45 என்றால் சிவப்பு. எந்த நிறத்துக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்பது வரை அதில் எழுதியிருந்தார்கள். அங்கே ஒரு மருத்துவமனையில் மகப்பேறு வார்டு மேல்மாடியில், சூடேறும் கூரைக்கு நேர் கீழே இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்குப் போகும் பச்சிளங்குழந்தைகள் குறைந்தார்கள். திட்டம் வந்த பிறகு ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் தவிர்க்கப்பட்டன என்று பின்னால் நடந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இதில் பெரிய மென்பொருள் எதுவும் இல்லை, கவனித்தீர்களா? ஒரு பக்கம் தினசரி வெப்பநிலை, இன்னொரு பக்கம் தினசரி மரணப் பதிவு. இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களில் கிடந்தவை. அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதுதான் பெரிய விஷயம். மகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதைத்தான். கருவியை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிய வேண்டுமானால் மனிதர்களையும் ஊரையும் ஒரு துறையையும் ஆழமாக அறிந்திருக்க வேண்டும். அழகழகாக வண்ண வரைபடம் போட்டுக்கொண்டு வரும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். "இதை வைத்து ஆட்சியர் நாளைக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டால் பதில் வராது. மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த உங்கள் மகளிடம் அந்தக் கேள்வி இப்போதே இருக்கிறது. அதைக் கல்லூரியில் சேர்ந்து வாங்க முடியாது.

சரி, வேலை எங்கே கிடைக்கும்? உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அவற்றை நடத்துபவர்கள் நாளை எவ்வளவு மின்சாரம் வரும் என்பதை 15 நிமிடத்துக்கு ஒரு கணக்காக, ஒரு நாளைக்கு 96 கணக்காக முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணிப்பு அதிகமாகத் தவறினால் பணம் கட்ட வேண்டியிருக்கும். இதைச் செய்து கொடுக்க நிறுவனங்கள் இருக்கின்றன, அங்கே ஆள் தேவைப்படுகிறது. பங்குச்சந்தையில் மதிப்பின்படி முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல் அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23 முதல் கட்டாயமாக்கிவிட்டது. ஐரோப்பாவுக்கு இரும்பு, அலுமினியம், சிமென்ட் ஏற்றுமதி செய்பவர்கள் எவ்வளவு கரியமிலவாயு வெளியிட்டார்கள் என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. பயிர்க் காப்பீட்டிலும் இதே போன்ற வேலைகள் உண்டு.

அரசுப் பக்கம் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, 38 மாவட்டங்களிலும் ஆட்சியர்களின் பொறுப்பில் அது நடக்கிறது. முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் இளைஞர்களை மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். சென்னையிலேயே தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆய்வு நிறுவன வேலைகளில் பல ஒன்று இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வருபவை. முதல் சில ஆண்டுகள் ஐ.டி.யில் சேர்ந்த தோழியைவிடக் குறைவாகச் சம்பாதிக்க நேரலாம். வீட்டுக் கடன், தம்பி படிப்பு எல்லாம் இவள் சம்பளத்தை நம்பி இருக்கிறதா என்பதை நீங்கள் மூவரும் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அப்படி இருந்தால் காற்றாலைக் கணிப்பு, நிறுவன அறிக்கை போன்ற தனியார் பக்கம் முதலில் போகட்டும்.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பைத்தான் என்ற கணினி மொழி தெரியாமல் இந்தத் துறையில் ஒரு அடி நகர முடியாது. ஆனால் அதற்காகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமேதான் வேண்டும் என்றில்லை. என் முதல் தேர்வு நல்ல கலைக்கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. புள்ளியியல். செலவு குறைவு, அடித்தளம் உறுதி, எந்தப் பக்கமும் திரும்பலாம். கூடவே சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்பையும் எடுத்தால் அப்பாவின் கவலையும் பாதி தீரும். பொறியியல்தான் என்றால் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது வரைபடமும் செயற்கைக்கோள் தகவலும் சேர்ந்த படிப்பு இருக்கிறது. பிறகு முதுகலையில் ஒரு துறையைப் பிடிக்கட்டும். பொருளாதாரம் பிடித்தால் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் உண்டு, வேளாண்மை பிடித்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகம். காலநிலை, ஏ.ஐ., அனலிட்டிக்ஸ் என்று மூன்று நான்கு சொற்களைக் கோத்துப் புதிதாகத் தொடங்கிய பட்டத்துக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால் சேர்க்காதீர்கள். முந்தைய மாணவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் வந்துவிடுங்கள். அப்புறம், கணக்கு. மகளுக்குக் கணக்கு கசக்கிறது என்றால் இந்த வழி சிரமம், அதை இப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கலந்தாய்வுக்கு முன் விடுமுறையில் அவளுக்கு ஒரு வேலை தருகிறேன். சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் இலவசம். அது ரேடாரில் பார்ப்பதால் மழைமேகம் மறைக்காது, தேங்கிய நீர் படத்தில் கறுப்பாகத் தெரியும். செயற்கைக்கோள் படங்களை அலசும் கூகுள் எர்த் எஞ்சின் தளத்தில் பிரவுசரிலேயே திறக்கலாம், விலையுயர்ந்த லேப்டாப் தேவையில்லை. 2023 டிசம்பரில் வெள்ளத்துக்கு முன் எடுத்த படம் ஒன்று, பின் எடுத்த படம் ஒன்று எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் உங்கள் ஊர் வரைபடத்தின் மேல் வைக்கட்டும். இரண்டு வாரம் திணறுவாள், திணறட்டும். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், வெள்ளம் எத்தனையாவது படி வரை வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று முப்பது வீட்டில் கேட்டு எழுதட்டும். முதியவர்களிடம் பழைய வாய்க்கால் எந்த வழியாகப் போனது என்றும் கேட்கட்டும்.

வரைபடமும் நோட்டும் பல இடங்களில் ஒத்துப்போகாது. அந்தச் செயற்கைக்கோள் ஊரைக் கடந்த நேரத்தில் தண்ணீர் வடிந்திருக்கலாம், நெருக்கமான தெருக்களில் கட்டடங்கள் ரேடாரைக் குழப்பியிருக்கலாம். எங்கே ஒத்துப்போகவில்லை, ஏன் என்று அவளே யோசித்து ஒரு பக்கம் எழுதட்டும். அந்த ஒரு பக்கத்தை எழுதும்போது அவளுக்கு ஆர்வம் கூடினால், நீங்கள் பயப்பட வேண்டாம். சலித்துப்போனால் அதுவும் நல்லதே, ஒரு மாதத்தோடு தெரிந்துகொண்டோம்.

தேர்வு முடிவு வந்த வாரத்தில் மூவரும் வாருங்கள். அப்பாவைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், நான் முதலில் அதைத்தான் கேட்பேன்.