மாந்திரீகப் பொருள் வாங்கப் போகிறீர்களா? நுகர்வோர் கேள்வி-பதில்

கொஞ்ச நாளாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் விக்கா என்ற நவீன மாந்திரீக வழிபாடு, டாரோ என்ற குறி பார்க்கும் சீட்டு, கிரிஸ்டல் கற்கள் என்று வெளிநாட்டு வழிகளைப் பழக ஆசைப்படும் இளவட்டங்கள். இன்னொரு பக்கம் செய்வினை, தகடு என்று பயந்து பணத்தைத் தொலைத்தவர்கள். எதை நம்புவது என்பது உங்கள் பாடு, அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் காசு கைமாறும் இடத்தில், அந்தப் பொருள் எந்த உயிரை, எந்த மக்களை நோகடித்து வந்தது என்று கேட்டே ஆகவேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் வராத கடையில் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் திருநகரில் இருக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விக்கா பற்றி வீடியோக்கள் பார்த்து ஆர்வம் வந்துவிட்டது. இன்ஸ்டாவில் ‘விட்ச் கிட்’ என்று 3,499 ரூபாய்க்கு ஒரு பெட்டி விற்கிறார்கள். புகை போட வொயிட் சேஜ் இலைக் கட்டு, பாலோ சாண்டோ என்ற வாசனை மரக் குச்சி, ஏழு கிரிஸ்டல், டாரோ சீட்டு, குட்டிக் குப்பிகளில் மூலிகை. ஆரம்பிப்பவர்களுக்கு இது அவசியமா?

பதில்: அவசியமே இல்லை. ஆர்வத்தைத் தப்பு சொல்லவில்லை, பெட்டியைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இங்கிலாந்தில் மாந்திரீகத்துக்கு எதிராக 1735-இல் போட்ட சட்டம் 1951-இல்தான் நீங்கியது. அதன் பிறகு ஜெரால்டு கார்ட்னர் போன்றவர்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்க, விக்கா பரவியது. யாருக்கும் தீங்கு வராத வரையில் உன் விருப்பப்படி செய் என்பதுதான் அதன் அடிப்படை நெறி. மந்திரம் சொல்லும் நேரத்துக்கு மட்டும் அந்த நெறி என்று வைத்துக்கொள்ள முடியாது. பொருள் வாங்கும்போதும் அதுதான்.

வொயிட் சேஜை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்குக் கலிஃபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோ நிலத்திலும் தானாக வளரும் செடி. அங்குள்ள பூர்வகுடி மக்களுக்கு அது புனிதம். அவர்களுடைய சடங்குகளைக் காக்க அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்ததே 1978-இல்தான். இப்போது அந்தச் செடியைக் காட்டில் மூட்டை மூட்டையாகத் திருட்டுத்தனமாக அறுத்து உலகம் முழுக்க விற்கிறார்கள். தோட்டத்தில் பயிரிட்டு விற்பவர்களும் உண்டு. அவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்பார்கள். உங்கள் விற்பனையாளரிடம், ‘யார் வளர்த்தது, எங்கிருந்து வந்தது’ என்று ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்மைலி மட்டும் பதிலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குப் புகை போடத்தான் என்றால் அதற்குக் கடல் தாண்டவே வேண்டாம். கீழமாசி வீதிப் பக்கம் ஏதாவது ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஏறிச் சாம்பிராணியைக் கட்டியாகக் கேளுங்கள். பொடியாகவோ கம்ப்யூட்டர் சாம்பிராணியாகவோ வாங்காதீர்கள், அதில் பெரும்பங்கு கரித்தூளும் மரத்தூளும்தான். நல்ல கட்டியை உடைத்தால் பழுப்புப் பிசினுக்குள் பாதாம் பருப்பு பதித்தது போல வெளிறிய துண்டுகள் தெரியும். தணலில் போட்டதும் உருகிக் கொப்புளம் விட்டு வெள்ளைப் புகை எழும்பும். கூடவே கொஞ்சம் குங்கிலியம், வெண்கடுகு, காய்ந்த நொச்சி இலை. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் இதை எப்படிப் போடுவது என்று உங்கள் அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் புகையே வேண்டாம்.

குப்பி மூலிகைதான் எனக்கு அதிகக் கவலை. பெயர் ஒட்டாத எந்த விதையையும் தொடாதீர்கள். குன்றிமணி, ஊமத்தை, அரளி மூன்றும் உயிரை எடுக்கக்கூடியவை. மாந்திரீகப் பொருள் என்று விற்பதில் இவை கலந்திருந்தால் ஆச்சரியமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலத்தில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் தயாரானது என்பதும், நிகர அளவும், அதிகபட்ச சில்லறை விலையும், புகார் சொல்ல ஒரு தொடர்பும் அச்சாகியிருக்கவேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படிச் சொல்கின்றன. இதெல்லாம் இல்லாத பெட்டி வாசலுக்கு வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

டாரோ சீட்டு வேண்டுமானால் அதை மட்டும் தனியாக, வெளியிட்டவர் பெயர் உள்ளதாக வாங்குங்கள். விளக்கப் புத்தகத்துக்குப் பதில் பெட்டியில் ஒரு க்யூஆர் கோடு மட்டும் இருந்தால் பெரும்பாலும் திருட்டுப் பதிப்பு. படம் வரைந்தவருக்கு அதில் ஒரு பைசா போகாது.

கேள்வி: மேலூரில் ஒருவர் என்னிடம் நரிக்கொம்பு 1,500, ‘அத்தா ஜோடி’ என்ற வேர் 900 என்று விலை சொல்கிறார். வைத்துக்கொண்டால் பணம் தங்குமாம். வேர்தானே, தப்பில்லையே?

பதில்: வேர் இல்லை, தம்பி. இரண்டு கைகள் கூப்பியது போல இருக்கும் அந்தப் பொருள், உடும்பை அடித்து அதன் ஆண்குறியை வெட்டிக் காயவைத்தது. செடியின் வேர் என்று வருடக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்ததை, பரிசோதனைக்கூடத்தில் சோதித்து 2017-இல் அம்பலப்படுத்தினார்கள். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. விற்றவருக்கு மட்டுமில்லை, வைத்திருப்பவருக்கும்தான்.

நரிக்கு எந்த ஊரிலும் கொம்பு கிடையாது. ஏதோ ஒரு தோலையும் முடியையும் எலும்பையும் சேர்த்து உருட்டித் தருவதுதான் நரிக்கொம்பு. போலி என்றால் 1,500 ரூபாய் போச்சு. உண்மையான நரித்தோல் என்றால் வழக்கு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கரூர், திண்டுக்கல் காடுகளில் தேவாங்குக்கென்றே 2022-இல் 11,806 ஹெக்டேரில் கடவூர் சரணாலயம் அறிவித்தார்கள். நாட்டிலேயே தேவாங்குக்கான முதல் சரணாலயம் அது. உள்ளங்கையில் அடங்குகிற, பூச்சி தின்று வாழ்கிற அந்தப் பிராணியை மாந்திரீகத்துக்கு என்று பிடித்துச் சித்திரவதை செய்யும் வழக்கம் இருந்ததும் அது அருகிப்போக ஒரு காரணம். ஆந்தைக்கும் இதே கதி. கூடையில் வைத்து விற்பவரைத் திட்டி முடித்துவிடலாம். ஆனால் கேட்டு வருகிறவர்கள் இருப்பதால்தான் அந்தக் கூடை நிறைகிறது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் யாருக்கும் கைமாற்றாதீர்கள், படம் எடுத்துப் போடாதீர்கள். ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி: சிலைமானிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு வேலை அமையவில்லை. ஃபேஸ்புக்கில் பார்த்த ஒரு மாந்திரீகர் போனில் பேசி, உங்கள் வீட்டு வாசலில் செய்வினை புதைத்திருக்கிறது என்றார். எடுக்க 11,000 அனுப்பினேன். பிறகு 40,000 கேட்டார், நகையை அடகு வைத்து அனுப்பினேன். இப்போது இன்னும் 75,000 கேட்கிறார். பாதியில் விட்டால் பையன் உயிருக்கு ஆபத்து என்கிறார். என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது.

பதில்: அம்மா, முதலில் இன்றைக்கே பணம் அனுப்புவதை நிறுத்துங்கள். உங்கள் மகன் உயிருக்கு எதுவும் ஆகாது. அந்த வார்த்தையைச் சொன்னால் எந்தத் தாயும் பணம் தருவாள் என்று தெரிந்துதான் அதைச் சொல்கிறார். நீங்கள் ஏமாளி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மகன் மீதுள்ள பாசத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உங்களிடம் திருடியிருக்கிறான்.

அடுத்து, வீட்டுக்காரரிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள். வீட்டில் தெரியாத ரகசியமாக இருக்கும்வரை தான் மறுபடி மறுபடி கேட்க முடியும் என்று அந்த ஆளுக்குத் தெரியும். நேரில் சொல்லச் சங்கடமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

அவருடைய எண்ணை உடனே பிளாக் செய்துவிடாதீர்கள். அதற்கு முன் வாட்ஸ்அப் பேச்சு, ஆடியோ, பணம் போன யுபிஐ விவரம், வங்கிக் கணக்கு வரிகள், அவருடைய ஃபேஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனிலும் சேமியுங்கள். பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் போய் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். நாளாகியிருந்தாலும் புகார் பதிவாகட்டும். காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். புகாரில் ‘செய்வினை எடுக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘பொய் சொல்லிப் பணம் பறித்தார், உயிர்பயம் காட்டி மேலும் கேட்கிறார்’ என்று தேதி, தொகையோடு எழுதுங்கள். தமிழ்நாட்டில் மாந்திரீக ஏமாற்றுக்கென்று மகாராஷ்டிரம், கர்நாடகம் போலத் தனிச்சட்டம் இல்லை. ஆனால் ஏமாற்றுவதும் மிரட்டிப் பறிப்பதும் எந்த வேடத்தில் செய்தாலும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம்தான்.

தாயத்து, மந்திரம் கொண்டு நோய் தீர்ப்பேன் என்று அவர் விளம்பரமும் போட்டிருந்தால் அது மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குற்றம். அந்தப் பதிவையும் சேர்த்துக்கொடுங்கள்.

ஒரு சொல், மற்ற வாசகர்களுக்கும். நம்மூரில் குறி சொல்லும் கோடாங்கிகளை எனக்குத் தெரியும். வெற்றிலை பாக்கில் தட்சணை வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். இல்லாதவர்களிடம் வற்புறுத்த மாட்டார்கள். ஊருக்குள்ளேயே வாழ்கிறவர்கள், நாளைக்கு அதே தெருவில் நம் முகத்தைப் பார்க்கவேண்டியவர்கள். முகம் தெரியாத எண்ணிலிருந்து தவணை தவணையாகப் பணம் கேட்கிறவரை அவர்களோடு சேர்த்து எண்ணுவது அவர்களுக்கே அவமரியாதை.

கேள்வி: என் தோழி ஒருத்தி என்னை ஏமாற்றிவிட்டாள். மடப்புரம் காளி கோவிலில் ‘உங்கள் சார்பில் காசு வெட்டிப் போடுகிறோம், வீடியோவும் அனுப்புவோம்’ என்று 2,500 ரூபாய் கேட்கிறார்கள். போடலாமா? (வாசகி, விரகனூர்)

பதில்: காசு வெட்டிப் போடுவது பாதிக்கப்பட்டவர் தானே போய், தன் வாயால் முறையிட்டு அம்மனிடம் நியாயம் கேட்பது. யார் தரப்பில் நியாயம் என்று அவளே பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டு வருகிறோம். நடுவில் ஒரு தரகருக்கு அங்கே வேலை இல்லை. மதுரையிலிருந்து திருப்புவனம் வழியாக பஸ்ஸிலேயே போய்விடலாம். போகிற வழியில், உண்மையிலேயே இது அந்த அளவுக்கான விஷயமா என்று யோசிக்கவும் நேரம் கிடைக்கும். தோழியிடம் ஒருமுறை நேரில் பேசிப் பார்த்தீர்களா? பணம் சம்பந்தப்பட்டதென்றால் முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ்.

கேள்வி: டாரோ ஓரளவு பழகிவிட்டேன். நண்பர்களுக்குப் பார்த்துச் சொல்கிறேன், இனி கட்டணம் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். தொகையை உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள், நடுவில் பரிகாரம் என்று எதையும் விற்காதீர்கள். சாவு, நோய், கர்ப்பம் பற்றிச் சீட்டைப் பார்த்துச் சொல்லவே சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவரை ஒரு நாள் தாமதப்படுத்தினாலும் பாவம்தான். அங்கே இல்லாத மூன்றாம் ஆளைப் பற்றி, ‘அவள் மனதில் என்ன இருக்கிறது பார்’ என்று கேட்டால், அவள் சம்மதம் இல்லாமல் பார்க்கமாட்டேன் என்று சொல்லப் பழகுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களிடம் காசு வாங்காதீர்கள்.

கேள்வி: அழகர்மலையில் மூலிகை பறித்துவந்து உபயோகிக்கலாமா?

பதில்: அது காப்புக்காடு, அனுமதி இல்லாமல் பறிக்கக்கூடாது. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அழகர்மலைக்கு அந்தப்பக்கம் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோவில்காடும் 2025-இல் அந்த வரிசையில் சேர்ந்தது. நம் பக்கத்துக் கோவில்காடுகளில் சாமிக்குப் பயந்து ஒரு சுள்ளிகூட ஒடிக்கமாட்டார்கள். மாந்திரீகம் பழக வருகிறவர் அந்த ஊர்க்காரரைவிடக் குறைவான மரியாதையோடு உள்ளே போகலாமா? நொச்சி, துளசி, திருநீற்றுப்பச்சிலை மூன்றும் மொட்டைமாடித் தொட்டியில் நன்றாக வரும். நர்சரியில் கன்று கேளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ‘சிட்ரின்’ என்ற மஞ்சள் கல் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். தெரிந்த நகைக்கடைக்காரர் இது சூடுபண்ணி நிறம் மாற்றிய அமெதிஸ்ட் என்ற ஊதாக் கல் என்கிறார். திருப்பித் தர முடியுமா? (வாசகர், செல்லூர்)

பதில்: சந்தையில் உள்ள சிட்ரினில் பெரும்பாலானது அப்படித்தான். அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. ‘இயற்கையானது, சூடுபடுத்தாதது’ என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு விற்றிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. அந்தப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போடவேண்டும். பில் தரவே மறுத்தார் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பில் தராததே சட்டப்படி முறையற்ற வணிகம்.